புரதத்தின் ஓட்டைகளை எண்ணுகிறேன்: தொண்ணூறு விழுக்காட்டை நம்பலாமா?

அகழிக்கரை
ஞாயிறு, இரவு 10.50

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. அடுத்த மாதம் முதல் வாரத்தில் டாக்டரல் கமிட்டி. முடிவுகள் நன்றாக வந்திருக்கின்றன, பயமே அதனால்தான். எங்கள் துறையில் இதைப் பேச வழிகாட்டியைத் தவிர ஆள் இல்லை. அவரும் தூய இடவியல்காரர். புரதம் என்றால் பருப்பில் இருப்பது என்று சொல்லிச் சிரிப்பார். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரதத் தரவு வங்கியிலிருந்து ஒரு புரதத்தின் கோப்பை எடுக்கிறேன். 1971 இல் ஏழே கட்டமைப்புகளோடு தொடங்கிய வங்கி. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் வைத்திருக்கிறது. கோப்பில் ஒவ்வோர் அணுவுக்கும் அது நிற்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள். அமினோ அமிலம் ஒன்றுக்கு ஆல்ஃபா கார்பன் என்ற ஓர் அணுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறேன். கையில் மிஞ்சுவது கோடு இழுக்காத புள்ளிக் கோலம்.

இந்தப் புள்ளிகளில் எங்கே வளையம், எங்கே பொந்து என்று எப்படிச் சொல்வது? என் தங்கைக்கு வேலூர்க் கோட்டையை வைத்து விளக்கினேன். அகழிக் கரை நெடுக விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள். கையில் இருக்கும் கயிறு எட்டுகிற கம்பங்களை மட்டும் கட்ட வேண்டும். கயிறு குட்டையாக இருக்கும்வரை கம்பங்கள் தனித்தனி. அடுத்தடுத்த கம்பங்களின் இடைவெளிக்கு நீண்டதும் சட்டென்று ஒரு வளையம் மூடிக்கொள்ளும். இன்னும் நீண்டால் கயிறுகள் கோட்டைக்கு உள்ளே, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மேலாகக் குறுக்கே பாய்ந்து, நடுவெளியை முக்கோணங்களால் அடைத்துவிடும், வளையம் இறந்துவிடும். பிறந்த நீளம், இறந்த நீளம் என்று இரண்டு எண்கள். பிறந்த வேகத்தில் இறப்பது இரைச்சல், நெடுநேரம் வாழ்வது வடிவம். பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜி என்பது இவ்வளவுதான். புரதத்தைத் திருப்பினாலும் நகர்த்தினாலும் எண்கள் மாறாது என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

எத்தனை துண்டு (பூஜ்யப் பரிமாணம்), எத்தனை வளையம் (ஒன்றாம் பரிமாணம்), எத்தனை மூடிய பொந்து (இரண்டாம் பரிமாணம்) என்ற எண்ணிக்கைகளுக்குப் பெட்டி எண்கள் என்று பெயர். என்ரிக்கோ பெட்டி என்ற இத்தாலியக் கணிதரின் பெயரை புவான்காரே வைத்தார். காட்பாடி சந்திப்பில் நடைமேடையில் நின்றுகொண்டு தோழியிடம் தொலைபேசியில் "என் பெட்டி எண் சரியாக வரவில்லை" என்று சொல்ல, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் டிக்கெட்டைக் காட்டுமாறு கேட்டு உதவ வந்துவிட்டார்.

இந்தப் பிறப்பு இறப்புக் கணக்குகளைப் படமாக்கி, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்து விடை சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் இயந்திரத்துக்குக் கற்பித்தேன். கேள்வி எளிது: இந்தப் புரதம் வேதிவினையை வேகப்படுத்தும் நொதியா, இல்லையா? நானே சேர்த்த கோப்புகளைக் குலுக்கிப் போட்டு, எட்டுப் பங்கில் கற்பித்து இரண்டு பங்கில் சோதித்தேன். சரியான விடை தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

வடிவத்தைத் தவிர எதுவும் தெரியாத ஒரு முறை, எந்த வேதியியலும் இல்லாமல், இவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமா? மூன்று இரவுகளாக உறக்கம் இல்லை.

போன கமிட்டியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உயிரியல் துறையிலிருந்து வந்த அம்மையார், "ஹோமாலஜி எவ்வளவு பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்றுமே பார்த்தேன் மேடம்" என்றேன். அவர் விழுக்காடு கேட்டிருக்கிறார். நான் பரிமாணம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஊரில் ஹோமாலஜி என்றால் இரண்டு புரதங்கள் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று பொருளாம். வெளியே வந்து வழிகாட்டியும் நானும் தேநீர்க் கடையில் நின்று சிரித்தோம்.

அப்பா மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் டிரம் பிரிவில் இருக்கிறார். தோலும் புரதம்தான், அதன் பெயர் கொலாஜன், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு என்று சொன்ன நாளிலிருந்து என் படிப்பின் மேல் அவருக்கு ஒரு மரியாதை. "அப்படியானால் பச்சைத் தோல் வெந்நீரில் சுருங்குகிறதே, குரோம் ஏற்றியது கொதித்தாலும் சுருங்குவதில்லையே, அது உன் கணக்கில் வருமா?" என்று கேட்டார். வராது. அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் தொண்ணூறில் எங்கே ஓட்டை என்று யாராவது காட்டுங்கள்.

பைத்தான்பித்தன்
ஞாயிறு, இரவு 11.32

தொண்ணூறு வந்தால் எழுதி அனுப்பிவிட வேண்டியதுதானே! குறைவாக வந்தவர்கள் அழலாம், நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? இன்னொன்று, அமினோ அமில வரிசையிலிருந்தே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்து புரத மடிப்புச் சிக்கலே தீர்ந்துவிட்டது. 2024 இல் நோபலும் கொடுத்துவிட்டார்கள். இனி இடவியல் எதற்கு? நேரே ஆழ் நரம்பு வலைக்குப் போய்விடுங்கள்.

கிண்டிப் பழையவன்
திங்கள், காலை 6.15

அம்மா, அந்த அம்மையார் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு வருகிறேன்.

நான் படிகவியல் ஆள், புரதத்தைப் படிகமாக்கி வடிவம் காண்பவன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படித்து, கோப்புகளோடு மல்லாடியே முடி நரைத்தவன். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கொலாஜனின் மூவிழை அமைப்பை ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் சென்னையிலிருந்தே வெளியிட்டார்கள். அதற்கு நல்ல மாதிரி தேடி அலைந்தபோது கைகொடுத்தது அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வந்தது கங்காரு வால் தசைநாண். தோல்காரர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை இல்லை. (உங்கள் வழிகாட்டிக்கும் ஒன்று: 1963 இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் இரண்டு கோணங்கள், இரண்டும் 360 பாகை சுற்றி வருபவை. தாளின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றே, மேலும் கீழும் ஒன்றே. ஒட்டிப் பார்த்தால் சைக்கிள் டியூப். அறுபது ஆண்டுகளாக உயிரியல்காரர்கள் இடவியலை மேசையில் விரித்து வைத்திருக்கிறார்கள்.)

இப்போது உங்கள் குலுக்கல். தரவு வங்கியில் ஒரே புரதம் எத்தனை முறை இருக்கிறது தெரியுமா? டி4 லைசோசைம் என்ற நொதியை மட்டும் எடுங்கள். 164 அமினோ அமிலம். அமெரிக்காவில் ப்ரையன் மேத்யூஸ் ஆய்வகம் அதில் இங்கே ஒன்றை மாற்றி, அங்கே ஒன்றை மாற்றி நூற்றுக்கணக்கில் கட்டமைப்புகளைப் போட்டது. கோழி முட்டை லைசோசைம் இன்னொரு பெருங்கூட்டம். நீங்கள் குலுக்கிப் பிரித்தால் ஒரு லைசோசைம் பாடத்திலும் அதன் இரட்டைப் பிறவி தேர்விலும் உட்காரும். மாணவன் கணக்குப் போடவில்லை, விடைத்தாளை நினைவில் வைத்திருக்கிறான்.

ஆகவே ஹோமாலஜி விழுக்காடு. அமினோ அமில வரிசை ஒற்றுமை 30 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றை ஒரே கொத்தாகக் கட்டுங்கள். தரவு வங்கியே அந்தக் கொத்துகளைத் தருகிறது. கொத்து முழுவதும் பாடத்துக்குப் போகட்டும், இல்லையேல் முழுவதும் தேர்வுக்குப் போகட்டும். அதுவும் போதாது. வரிசை வேறாக இருந்தும் மடிப்பு ஒன்றாக இருக்கும் உறவுகள் உண்டு. உங்கள் கருவி பார்ப்பது மடிப்பைத்தானே? புரதங்களை மடிப்பையும் உறவையும் பார்த்து அடுக்கும் கேத் வகைப்பாட்டில் பெருங்குடும்ப வாரியாகப் பிரியுங்கள்.

பிறகு கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். கணிதக்காரர்கள் இதைச் செய்வதே இல்லை. ஓர் அணுவுக்கு இரண்டு இடம் கொடுத்திருப்பார்கள், ஏ என்றும் பி என்றும். இரண்டையும் படித்தால் ஒட்டினாற்போல் இரண்டு புள்ளிகள் விழும். காந்த ஒத்ததிர்வு முறையில் கண்டவை என்றால் ஒரே கோப்பில் இருபது மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முதல் ஒன்றை மட்டும் எடுக்கவேண்டும். ஆடிக்கொண்டிருந்த பகுதி படிகத்தில் தெரியாது, அதனால் கோப்பிலும் இருக்காது. சங்கிலி நடுவில் அறுந்து நிற்கும்.

பைத்தான்பித்தன் தம்பிக்கு: ஆல்ஃபாஃபோல்டு 2022 இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட கட்டமைப்புகளைத் திறந்துவிட்டது, உண்மை. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் உண்மை. அந்தக் கோப்புகளில், அணு எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் வெப்பக் காரணி இருக்கவேண்டிய நிரலில் நம்பிக்கை மதிப்பெண் இருக்கும். 50 க்குக் கீழே உள்ள பகுதிகள் அவிழ்ந்த நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டு திரியும். அவற்றை வெட்டாமல் இந்த முறைக்குள் போட்டால், இல்லாத வளையங்களுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பீர்கள்.

ஆல்ஃபா வடிவம்
திங்கள், பிற்பகல் 2.04

ஐயா சொன்னதற்கு மேல் நான்கு சங்கதிகள். நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், வருத்தப்பட வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு கோடு போட்டு அடுக்கினால் அதுதான் பட்டைக்குறி. பூஜ்யப் பரிமாணத்தில் எத்தனை கோடு? புள்ளி எத்தனையோ அத்தனை. அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்களின் தொலைவு ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம் என்பதால், பெரும்பாலான கோடுகள் அங்கேயே இறந்துவிடும். அவற்றிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது புரதத்தின் நீளம், வேறொன்றும் இல்லை. பெரிய புரதத்தில் வளையமும் அதிகம் இருக்கும். உங்கள் இடவியலை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அமினோ அமில எண்ணிக்கை என்ற ஒரே எண்ணைக் கொடுத்துக் கற்பித்துப் பாருங்கள். அதுதான் உங்களுக்கான கொதிநீர்.

இரண்டாவது, தொலைவுகளை மட்டும் பார்க்கும் எந்த முறைக்கும் கண்ணாடி பிம்பம் தெரியாது. வலப்புறம் முறுக்கிய திருகும் இடப்புறம் முறுக்கியதும் ஒரே பட்டைக்குறி. கொலாஜனில் ஒவ்வோர் இழையும் இடமுறுக்கு, மூன்றும் சேர்ந்தால் வலமுறுக்கு. உங்கள் கருவிக்கு இடதும் வலதும் ஒன்றே. முடிச்சும் அப்படியே. முடிச்சு விழுந்த புரதங்கள் உண்மையிலேயே உண்டு. வளையத்தில் முடிச்சு இருக்கிறதா என்று ஹோமாலஜியைக் கேட்டால் "வளையம் ஒன்று" என்று மட்டும் சொல்லும். கமிட்டியில் யாராவது முடிச்சைப் பற்றிக் கேட்டால் சமாளிக்க முயல வேண்டாம். அது வேறு கடை.

மூன்றாவது, வழிகாட்டி நிலைத்தன்மைத் தேற்றத்தைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். கோஹன்-ஸ்டைனர், எடெல்ஸ்ப்ரன்னர், ஹேரர், 2007: புள்ளிகள் கொஞ்சம் அசைந்தால் வரைபடமும் கொஞ்சந்தான் அசையும். எல்லாப் புள்ளிகளும் இருந்தால்தான் அந்த வாக்குறுதி. ஐயா சொன்ன அறுந்த சங்கிலிக்கு அது பொருந்தாது.

நான்காவதுதான் முக்கியம். நொதி என்று கேட்கிறீர்கள், ஆனால் ஆல்ஃபா கார்பனை மட்டும் வைத்திருக்கிறீர்கள். நொதி வேலை செய்யும் இடம் பெரும்பாலும் அதன் பரப்பிலுள்ள பெரிய பள்ளம். பள்ளத்தின் சுவர் பக்கச் சங்கிலிகளால் ஆனது, அவற்றைத்தான் எறிந்துவிட்டீர்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாய் திறந்த குடத்தில் இடவியலுக்குப் பொந்தே கிடையாது. அது குழித்த தட்டு, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வோர் அணுவையும் உருண்டையாக ஊதிக்கொண்டே போனால் குறுகிய வாய் முதலில் மூடும், உள்ளே வெற்றிடம் மிஞ்சும். அந்தக் கணத்தில் பொந்து பிறக்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழம், வாய் எவ்வளவு குறுகல் என்பதெல்லாம் இரண்டாம் பரிமாணத்தின் பிறப்பு இறப்பில் இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

அதற்கு எல்லா அணுக்களும் வேண்டும், எட்டுகிற புள்ளிகளையெல்லாம் கட்டும் உங்கள் கயிற்று முறை, அதாவது வியட்டோரிஸ்–ரிப்ஸ், வேண்டாம். 1,000 அணுவுக்கு முக்கோணம் 16,61,67,000. நான்முகி 4,141 கோடி. உங்கள் மடிக்கணினி ஆவியாகிவிடும். எடெல்ஸ்ப்ரன்னரும் முக்கேயும் 1994 இல் தந்த முப்பரிமாண ஆல்ஃபா வடிவங்களின் வழியே செல்லுங்கள். குடி என்ற நிரலகத்தில் இருக்கிறது, இலவசம். பெயரைப் பார்த்து வீட்டில் தப்பாக நினைக்கப் போகிறார்கள்.

அகழிக்கரை
அடுத்த வாரம் புதன், இரவு 9.20

நன்றி சொல்லிவிட்டு நல்ல செய்தி சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. நல்ல செய்தி இல்லை.

முதலில் நீளம். ஒரு புரதத்துக்கு ஒரே ஓர் எண். குலுக்கிப் பிரித்த அதே பழைய முறையில் அது மட்டுமே எண்பதைத் தாண்டியது. எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 164 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மரம் நேரே நொதி என்று தாவுகிறது! இருப்பதெல்லாம் டி4 லைசோசைம்கள். நீளமே அந்தப் புரதத்தின் பெயராகிவிட்டது. இரண்டு வருடமாக நான் வடிவம் கற்பிப்பதாக நினைத்தேன். அது வருகைப்பதிவேடு படித்திருக்கிறது.

பிறகு கொத்துக் கட்டிப் பிரித்தேன். எழுபதுக்குக் கீழே. பெருங்குடும்ப வாரியாகப் பிரித்ததும் இன்னும் கீழே. நொதிகளுக்கும் மற்றவற்றுக்கும் நீளத்தைச் சமமாகப் பொருத்தி எடுத்தபோது நாணயம் சுண்டுவதற்குச் சற்றே மேலே நின்றது. வழிகாட்டியிடம் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சிரித்தோமே அம்மா, அந்த அம்மையாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா" என்றார்.

போனேன். தயங்கித் தயங்கி வரைபடத்தை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை, இப்போதாவது கேட்கத் தோன்றியதே என்றார். தன்னிடம் இருந்த நொதிப் பட்டியலில் நான் நொதி இல்லை என்று குறித்திருந்த பதினோரு புரதங்களை அடையாளம் காட்டினார். எல்லாம் நொதிகள். என் அடையாளக் குறிகளே தப்பு. அது இன்னொரு இரவு.

எல்லா அணுக்களையும் வைத்து ஆல்ஃபா முறையில் மறுபடி ஓட்டினேன். ரிப்ஸுக்கு இரவு முழுக்க முனகிக்கொண்டிருந்த கணினி, இதை நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் முடித்துவிட்டது. நீளம் பொருத்திய, குடும்பம் பிரித்த, குறி திருத்திய அதே கடுமையான சோதனை. இரண்டாம் பரிமாணம் மட்டும் மெல்ல மேலே ஏற்றுகிறது. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் தரவைப் பத்து விதமாகப் பிரித்தும் பத்து முறையும் ஏறியது. எந்தப் பொந்து அதற்குக் காரணம் என்று பின்னோக்கித் தேடிப் பார்த்ததில், நான் பார்த்த சிலவற்றில் அது வினைமையப் பள்ளத்திலேயே போய் நிற்கிறது. சிலவற்றில் இல்லை. எல்லாவற்றையும் இன்னும் பார்க்கவில்லை.

கமிட்டிக்குத் தொண்ணூறைக் கொண்டுபோவதில்லை. இந்தச் சின்ன ஏற்றத்தையும், அது எப்படி விழுந்தது என்ற கதையையும் கொண்டுபோகிறேன். "மூன்றாம் ஆண்டில் இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள் என்று வயிற்றைக் கலக்குகிறது.

அப்பாவிடம் கங்காரு வாலைச் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் டேனரியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஆல்ஃபா வடிவம்
புதன், இரவு 10.01

பத்து முறையும் ஏறியது என்றால் அது இருக்கிறது. ஒரு சோதனை மட்டும் பாக்கி: நொதி, நொதி இல்லை என்ற குறிகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு அதே குழாயில் ஓட்டுங்கள். அப்போதும் ஏறினால் எங்கோ இன்னும் கசிகிறது. ஏறாவிட்டால் அந்தப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

கிண்டிப் பழையவன்
வியாழன், காலை 5.50

அம்மா, கமிட்டிக்கு எல்லாப் புரதங்களையும் கொண்டுபோகாதீர்கள். பொந்து வினைமையத்தில் நின்ற ஒன்று, நிற்காத ஒன்று, இரண்டை மட்டும் எடுத்துச் சுழற்றிக் காட்டுங்கள். நிற்காததை முதலில் காட்டுங்கள். அதில் தண்ணீர் மூலக்கூறுகளை எடுத்துவிட்டீர்களா, உலோக அயனியையும் சேர்த்து எடுத்துவிட்டீர்களா என்று இன்றே கோப்பைத் திறந்து பாருங்கள். எனக்கென்னவோ துத்தநாகம் ஒன்று காணாமல் போயிருக்கும் என்று தோன்றுகிறது.

அகழிக்கரை
வியாழன், காலை 7.35

ஐயா, துத்தநாகம்தான்.